கேட்டு எடுத்த படம்

சென்னை ஜார்ஜ் டவுனில், ஆண்டர்சன் தெருவில் இருந்த ஒரு காகித மொத்தக் கடையில் ஒன்பது ஆண்டுகள் கணக்கு எழுதினேன். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் விடுவார்கள். பத்து நிமிடத்தில் டப்பாவைக் காலி செய்துவிட்டு, மீதி நேரம் முழுவதும் ஒரு பழைய நிக்கான் கேமராவுடன் சந்து சந்தாக நடப்பதே என் வழக்கம். கடையில் உடன் வேலை செய்தவர் ஒருவர், தம் தங்கைக்கு நிச்சயமானபோது, மணமக்களை அதே சந்துகளில் வைத்துப் படம் எடுத்துத் தரும்படி கேட்டார். அதைப் பார்த்து அடுத்தவர் கேட்டார். இப்படிப் பொழுதுபோக்காகத் தொடங்கியது தொழிலாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இன்று நான் எடுப்பவை பெரும்பாலும் இரண்டே வகைதான்: நகரத்தின் பின்சந்துகள், அந்தச் சந்துகளில் நிற்கும் ஜோடிகள்.

இந்த இரண்டும் சேரும் இடத்தில் எவ்வளவு பெரிய தவறு நடக்கக்கூடும் என்பதை, இருவரைக் கேட்காமல் எடுத்த படத்தை வெளியிட்டு நான் செய்த தவறால் அறிந்தேன். கைப்பேசியிலேயே நல்ல கேமரா வந்துவிட்ட காலத்தில், அதே தவறை நாள்தோறும் பலர் தெரியாமல் செய்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். டவுனின் நீண்ட தெருக்களான தங்கசாலைத் தெரு, தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு போன்றவை வடக்கு தெற்காக ஓடுகின்றன. உச்சி வெயில்தான் அவற்றின் தரை வரை இறங்கும். காலையிலும் மாலையிலும் வெயில் மாடிகளின் நெற்றியோடு நின்றுவிடும். அவற்றைக் குறுக்கே இணைக்கும் சந்துகளோ கிழக்கு மேற்காகக் கிடப்பவை. மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரியன் ஏறக்குறைய நேர் மேற்கே மறைவதால், மாலை ஐந்தரை மணியளவில் ஒரு சந்தின் முழு நீளத்துக்கும் வெயில் தரையோடு தரையாக ஓடி வரும். சுண்ணாம்புச் சுவரின் நீலம், மீன்பாடி வண்டியின் இரும்புக் கம்பி, சாக்கடை மூடியில் தேங்கிய நீர் எல்லாம் அப்போது ஒரே சமயத்தில் துலங்கும். அந்த இருபது நிமிடத்துக்காகக் காத்திருப்பவர்களில் நானும் ஒருவன். ஆட்கள் ஒதுங்கி நின்று பேசுவதும் அதே நேரத்தில்தான். அலுவலகம் விட்டு, கடற்கரை ரயில் நிலையத்துக்குப் போகும் முன், கூட்டத்தில் கிடைக்காத பத்து நிமிடத்தை இரண்டு பேர் ஒரு சந்துக்குள் கண்டுபிடிக்கிறார்கள்.

நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தின் கடைசி ஆண்டு அது. தம்பு செட்டித் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், நீலச் சுவரையொட்டி ஓர் இளைஞரும் ஒரு பெண்ணும் நின்றிருந்தார்கள். அவருடைய சட்டைக் காலரில் ஒட்டியிருந்த நூல் துணுக்கை அந்தப் பெண் எடுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. வெயில் அவர்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. நான் இருபதடி தள்ளி நின்று மூன்று முறை அழுத்தினேன். அவர்கள் பார்க்கவில்லை. முகங்கள் நிழலில் இருந்தன, அந்தப் பெண்ணின் பக்கவாட்டுத் தோற்றத்தில் பாதிதான் தெரிந்தது. யாரும் அடையாளம் காண முடியாது என்று நானே முடிவு செய்துகொண்டு, அன்று இரவே படத்தை இணையத்தில் போட்டேன். அதுவரை நான் போட்ட படங்களில் அதற்குத்தான் அதிகப் பாராட்டு வந்தது. நகரப் படங்களை எடுத்துப் போடும் வேறொரு பக்கமும் அதைப் பகிர்ந்தது.

மூன்றாம் நாள் முன்பின் தெரியாத ஒரு கணக்கிலிருந்து செய்தி வந்தது. "அண்ணா, அந்த ஃபோட்டோவ எடுத்துடுங்க. வீட்ல பாத்துட்டாங்க." எழுதியது அந்தப் பெண். முகம் தெரியாவிட்டால் என்ன, அவர் தோளில் தொங்கிய பை தெரிந்தது. பூவேலை செய்த அந்தத் துணிப்பையை வீட்டிலேயே தைத்திருக்கிறார்கள். பின்னால் இருந்த கடைப் பலகையில் தெருவின் பெயர் தெரிந்தது. நான் படத்தை நீக்கினேன். அந்த இன்னொரு பக்கம் நீக்குவதற்கு மேலும் இரண்டு நாள் ஆயிற்று. நீக்கிவிட்டதைச் சொல்லி அந்தப் பெண்ணுக்கு எழுதியபோது பதில் வரவில்லை. பிறகு எழுதியதற்கும் வரவில்லை. அவர் அந்தச் சந்தின் பக்கம் மறுபடி வந்து நான் பார்க்கவில்லை.

பொது இடத்தில் நின்றவர்களைத்தானே எடுத்தோம், இதில் என்ன தவறு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் நம் மாநிலத்தை நினைவூட்டுவேன். 2015 ஜூன் மாதத்தில், திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் வேறு சாதியைச் சேர்ந்த ஒரு தோழியோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் என்ற பொறியியல் பட்டதாரி கடத்தப்பட்டுக் கொலை செய்யப்பட்டார். குற்றவாளிகளுக்கு 2022ஆம் ஆண்டு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஓர் ஆணும் பெண்ணும் ஓரிடத்தில் சேர்ந்து நின்றார்கள் என்ற செய்தியே உயிருக்கு உலை வைக்கும் சூழல் இங்கே இருக்கிறது. சாதி மறுத்துத் திருமணம் செய்பவர்களைப் பாதுகாக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப் பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் உத்தரவிட நேர்ந்ததும் இத்தகைய கொலைகளால்தான். அப்படிப்பட்ட மண்ணில், ஒரு ஜோடியின் படம் நாளும் நேரமும் இடமும் சுமந்த சாட்சியமாகவும் ஆகிவிடுகிறது. அதை யார் கையில் கொடுக்கிறோம் என்பது, இணையத்தில் போட்ட கணத்திலிருந்து எடுத்தவருக்கே தெரியாமல் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தெருவில் படம் எடுப்பதைப் பொதுவாகத் தடை செய்யும் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. ஆனால் 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 1994ஆம் ஆண்டு, ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது தொடர்பாகத் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில், தன்னைத் தன்போக்கில் இருக்க விடும்படி கேட்கும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு பெண் தன்னை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பத்தக்க சூழலில் தனிப்பட்ட செயலில் இருக்கும்போது அவரைப் பார்ப்பதும், படம் எடுப்பதும், அதைப் பரப்புவதும் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவருடைய சம்மதமின்றிப் படமெடுத்துப் பரப்புவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு தண்டிக்கிறது. என் நீலச் சுவர்ப் படம் இவற்றில் எதிலும் அடங்காது. வழக்கே வந்திருந்தாலும் நான் தப்பியிருப்பேன் என்றே நினைக்கிறேன். அதனால்தான் சட்டத்தை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்று புதிதாக வருபவர்களிடம் சொல்கிறேன்.

கேட்டால் இயல்பு போய்விடும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் காரணம். நானும் பல ஆண்டுகள் அதையே சொன்னேன். அதற்கு விடையாக இரண்டு புகழ்பெற்ற படங்களை எடுத்துக்கொள்ளலாம். 1950இல் பாரிஸ் நகர மன்றக் கட்டடத்துக்கு முன் ஓர் இளைஞன் நடந்துகொண்டே தன் காதலியை முத்தமிடுவதை ரொபேர் துவானோ எடுத்தார். பின்னாளில் அது சுவரொட்டியாக உலகமெங்கும் விற்றது. பார்த்தவர்கள் எல்லோரும் அது தெருவில் தற்செயலாகப் பிடிபட்ட கணம் என்றே நம்பினார்கள். 1990களின் தொடக்கத்தில், படத்தில் இருப்பவர்கள் தாங்களே என்று சொல்லி ஒரு தம்பதியர் வழக்குத் தொடுத்தபோதுதான், அந்த இருவரும் நடிப்புப் பயின்ற மாணவர்கள் என்பதையும், அவர்களிடம் கேட்டுக்கொண்டு மறுபடி முத்தமிடச் செய்து எடுத்ததையும் துவானோ வெளிப்படுத்தினார். அதுவரை உலகம் இயல்பு என்று கொண்டாடியது அனுமதி கேட்டு எடுத்த படத்தைத்தான்.

மற்றொன்று, 1945 ஆகஸ்ட் 14 அன்று, போர் முடிந்த செய்தி வந்தபோது, நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு கடற்படை வீரர் வெள்ளை உடை அணிந்த பெண்ணை வளைத்து முத்தமிடுவதை ஆல்ஃபிரெட் ஐசன்ஸ்டாட் எடுத்த படம். காதலின் சின்னமாக அது ஆண்டுக்கணக்கில் அச்சாயிற்று. அந்தப் பெண் தாமே என்று பின்னர் அறியப்பட்ட கிரேட்டா சிம்மர் ஃபிரீட்மன், ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவர். அந்த முத்தம் தம் விருப்பத்தால் நடந்ததில்லை என்றும், அந்த மனிதர் வந்து பிடித்துக்கொண்டார் என்றும் அவர் முதுமையில் சொன்னார். அவரை முன்பே அறிந்தவரும் இல்லை அந்த வீரர். இரண்டு பேர் நெருக்கமாக நிற்பதைப் பார்த்து நாமே ஒரு கதை கட்டி, அதற்குக் காதல் என்று தலைப்பும் கொடுத்துவிடுகிறோம். தம்பு செட்டித் தெருச் சந்தில் நின்ற இருவரும் காதலர்கள் என்பதுகூட எனக்குத் தெரியாது. படத்துக்கு அடியில் அப்படி எழுதியவன் நான்தான்.

இப்போது நான் எப்படிக் கேட்கிறேன் என்பதைச் சொல்கிறேன். கேமராவைக் கீழே தொங்கவிட்டு, நான்கடி தள்ளி நின்று, முதலில் என் பெயரையும் தொழிலையும் சொல்வேன். "இந்த வெளிச்சத்துல நீங்க நிக்கறது ரொம்ப நல்லா இருக்குங்க. ஒரு படம் எடுத்துக்கலாமா? எடுத்ததை உங்ககிட்ட காட்டறேன், வேண்டாம்னா உங்க முன்னாடியே அழிச்சிடறேன்." இருவரிடமும் தனித்தனியாகக் கேட்பது முக்கியம். ஆண் சரியென்று தலையாட்டும்போது பெண் துப்பட்டாவை முகத்துக்கு இழுத்தால், அதற்கு இல்லை என்றே பொருள். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். எடுக்கச் சம்மதித்தவர் வெளியிடவும் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது. ஆகவே படத்தைக் காட்டியபின் இரண்டாம் முறையாகக் கேட்கிறேன்: இதை இணையத்தில் போடலாமா, முகம் தெரியாத படத்தை மட்டும் போடட்டுமா, இல்லை உங்களுக்கு மட்டும் அனுப்பட்டுமா. பலர் மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சரியென்று சொன்ன பிறகு அவர்களை ஐந்து நிமிடம் தங்கள் பாட்டுக்குப் பேச விட்டால், நான் பயந்துகொண்டிருந்த அந்த இயல்பு தானாகத் திரும்பி வந்துவிடுகிறது. சிறுவயதினராகத் தோன்றினால் நான் கேட்பதே இல்லை, எடுப்பதும் இல்லை.

கேட்க வாய்ப்பே இல்லாத நேரங்களும் உண்டு. கூட்டத்தில் இரண்டு உருவங்கள் கடந்து போகும், துரத்திப் போய்க் கேட்பதும் முறையாகாது. அப்படி எடுத்தவற்றை வெளியிடுவதற்கு முன், முகத்தை மட்டும் பார்த்தால் போதாது என்பதை அந்தத் துணிப்பை எனக்குக் கற்றுக்கொடுத்தது. பை, செருப்பு, வண்டி எண், அலுவலக அடையாள அட்டையின் கயிற்று நிறம், பச்சை குத்தியது, கடைப் பலகை, சுவரொட்டி ஆகியவற்றையெல்லாம் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். அவர்களை நன்றாகத் தெரிந்த ஒருவர் அடையாளம் காண முடியுமா என்பதே கேள்வி. முடியும் என்றால் அந்தப் படம் என் ஹார்ட் டிஸ்கிலேயே இருக்கட்டும். கைப்பேசியில் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இருப்பிட வசதி திறந்திருந்தால், படக் கோப்புக்குள்ளேயே எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் பெரும்பாலும் நீங்கிவிடும். தரம் குறையக் கூடாதென்று டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். கேமரா செயலியின் அமைப்பில் அதை அணைத்து வைக்க அரை நிமிடம் ஆகும்.

சந்துகளைப் பற்றியும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். நமக்குப் பின்னணியாகத் தெரிவது அங்கே குடியிருப்பவர்களுக்கு வாசல். ஐந்தடி அகலச் சந்தில் அடிபம்பைச் சுற்றிக் குடங்கள் வரிசையாக நிற்கும், நைட்டி அணிந்து துண்டைத் தோளில் போட்டபடி பெண்கள் துணி துவைப்பார்கள், திண்ணையில் ஒருவர் படுத்திருப்பார். அறைக்குள் இடமில்லாத வீடுகளுக்குச் சந்துதான் கூடமும் சமையற்கட்டும். திருமணத்துக்கு முந்தைய ஷூட்டுக்காக வாடகைக் கவுனும் கோட்டும் அணிந்த ஜோடியை அங்கே நிறுத்தி, நடப்பவர்களை நில்லுங்கள் என்று கைகாட்டித் தடுத்து, காய்கிற துணியை எடுக்கச் சொல்லும் குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். இடிந்த சுவரும் வறுமையும் பின்னால் இருந்தால் உடையின் பளபளப்பு எடுப்பாகத் தெரியும் என்று ஒருவர் என்னிடமே விளக்கினார். எனக்கு அது அருவருப்பாக இருந்தது.

என் ஜோடிகளை அங்கே அழைத்துப் போவதற்கு முந்தைய நாள் நான் தனியாகப் போவேன். சந்தில் எல்லோரும் மதிக்கும் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் வயதான ஓர் அம்மாதான். அவரிடம் எத்தனை மணிக்கு வருவோம், எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று சொல்லி, தண்ணீர் பிடிக்கும் நேரம் எது என்று கேட்டுக்கொண்டு, அந்த நேரத்தைத் தவிர்ப்பேன். குழந்தைகளுக்குக் காசு கொடுப்பதில்லை. அந்த அம்மாவின் படத்தை அவர் விருப்பப்படி எடுத்து, நாலுக்கு ஆறு அளவில் பிரின்ட் போட்டு, அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுப்பேன். பத்துப் பதினைந்து ரூபாய்ச் செலவுதான். படம் எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வந்தார் என்பதே அங்கே பலருக்குப் புதிதாக இருக்கிறது. துறைமுகப் பகுதி, உயர் நீதிமன்ற வளாகம் போன்றவை பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கெல்லாம் அனுமதியின்றிக் கேமராவைத் தூக்கக் கூடாது என்பதையும் ஜோடிகளிடம் முன்பே சொல்லிவிடுகிறேன்.

காசு கொடுத்து எடுக்கச் சொல்லும் ஜோடிகளுக்குத் தெரியாத ஓர் உரிமை இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவின் இரண்டாம் விதிவிலக்கில், ஒருவர் கேட்டுக்கொண்டபடி கூலி பெற்று எடுத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர் என்கிறது. அதாவது, உங்கள் நிச்சயதார்த்தப் படத்தை ஸ்டூடியோ தன் விளம்பரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டுமானால் உங்கள் ஒப்புதல் வேண்டும். இதனால்தான் சிலர் அட்வான்ஸ் ரசீதின் பின்புறத்தில் பொடி எழுத்தில், எல்லா உரிமையும் ஸ்டூடியோவுக்கே என்று அச்சிட்டுவிடுகிறார்கள். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பின்பக்கத்தைப் படியுங்கள். பிடிக்காத வரியை அடிக்கச் சொல்லுங்கள். ஒழுங்காகத் தொழில் செய்பவர் எவரும் அதற்குக் கோபிக்க மாட்டார்.

நான் ஒப்படைத்த ஒரு தம்பதியின் ஆல்பப் படங்கள், அச்சிட்ட லேபின் விளம்பரத்தில் ஒருநாள் வந்துவிட்டன. அவர்கள் வீட்டார் எதிர்ப்பை மீறிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். அவற்றை நீக்கவைக்க எனக்கு ஒரு முழுநாள் ஆயிற்று; அதைவிட, அந்தத் தம்பதியிடம் அதைச் சொல்வதற்கு எனக்கு அதிகத் துணிவு தேவைப்பட்டது. அன்றிலிருந்து லேபுக்கு அனுப்பும் ஒவ்வொரு வேலையோடும், அச்சிடுவதைத் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன். எடிட்டிங் செய்யும் தம்பிகளிடமும் அப்படியே. யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய இணைப்பாக டிரைவில் படங்களைப் போட்டு, அந்த இணைப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடும் பழக்கத்தையும் நிறுத்திவிட்டேன். இருவருடைய மின்னஞ்சல்களுக்கு மட்டும் திறக்கும்படி வைத்து, மூன்று மாதம் கழித்து அவர்களிடம் சொல்லிவிட்டு நீக்குகிறேன்.

நிச்சயமாகி, படமெடுத்து, பிறகு திருமணம் நின்றுபோகும் குடும்பங்களும் உண்டு. பெண் வீட்டார் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்வார்கள். காசு கொடுத்தது நாங்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் படங்களைக் கேட்பார்கள். சட்டத்தின் எழுத்துப்படி காசு கொடுத்தவர் பக்கம் வாதம் இருக்கலாம். ஆயினும் இருவர் நிற்கும் படத்தில் ஒருவர் வேண்டாம் என்றால் அது வெளியே போகக் கூடாது என்பதே என் நிலை. அதனால் தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: இருவரில் எவர் எழுதிக் கேட்டாலும், இருவரும் சேர்ந்திருக்கும் படங்களை நான் யாருக்கும் தரமாட்டேன், என் பக்கத்திலிருந்தும் நீக்குவேன். இந்த வரியைப் படித்துவிட்டு முகம் சுளித்தவர்கள் சிலர். நல்ல காரியத்தில் ஏன் இப்படி எழுதுகிறீர்கள் என்றார்கள். நான் அந்த வரியை நீக்கவில்லை.

உங்கள் படம் உங்கள் அனுமதியின்றி வெளியானதைக் கண்டால், முதலில் அந்தப் பக்கத்தின் முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு போட்டவருக்கு எழுதுங்கள், தளத்திலும் புகார் செய்யுங்கள். ஆபாசமாகவோ, உருமாற்றியோ, மிரட்டும் நோக்கத்துடனோ வெளியிட்டிருந்தால் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யலாம். வீட்டில் ஆபத்து என்றால் பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். படம் எடுப்பவர்களுக்கு நான் சொல்வது: அப்படி ஒரு செய்தி வந்தால், நீங்கள் யார், எந்தப் படம், ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்காமல் முதலில் நீக்குங்கள், பேச்சு பிறகு. அந்தப் பெண் எனக்கு எழுதியது காலை ஏழே காலுக்கு. நான் கடையில் இருப்புக் கணக்கு முடித்துவிட்டுப் பார்த்தது பதினொன்றரைக்கு. இப்போது என் பக்கத்தின் முதல் வரியிலேயே என் எண் இருக்கிறது, படத்தை நீக்க வேண்டுமானால் எந்த நேரமும் அழைக்கலாம் என்ற குறிப்போடு. இரவிலும் அந்தக் கைப்பேசியை நான் அணைப்பதில்லை.